செவ்வாய்க்கிழமை, பதினொன்று பத்து

இருபத்திரண்டு வருஷமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். ஊரில் எல்லோருக்கும் 'கிளட்ச் டீச்சர்'. ஸ்டியரிங்கைப் பிடித்தாலே வியர்த்துக் கொட்டுகிறவர்களையும் மூன்றே வாரத்தில் லாரியை ஒட்டி ஓட்ட வைத்துவிடுவாள். வாயும் அதற்கேற்ற வாய்.

ஒரு மாதம் தங்கலாமென்று வெளிநாட்டிலிருந்த தங்கை வீட்டுக்கு வந்தாள். சர்வதேச லைசென்ஸை மறக்காமல் எடுத்து வந்திருந்தாள். தங்கை முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்: "அக்கா, இங்க எல்லாம் வலது பக்கம். வண்டியைத் தொட்டுடாத."

டீச்சருக்குச் சுருக்கென்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை. தங்கை ரயிலேறி ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள். தங்கை வீட்டுக்காரர் ரொட்டிக் கம்பெனி வேனை ஓட்டப் போய்விட்டார். கார் வாசலில் சும்மா நின்றது. எடுத்தாள். நாலு தெரு சுற்றினாள். நின்ற இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தி, முன்னால் இழுத்த சீட்டையும் பழையபடி பின்னால் தள்ளி வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் போக்குவரத்துப் போலீஸிடமிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூடத் தெருவில் அதிவேகம். கூடவே ஒரு படம், பின்னாலிருந்து எடுத்தது. நம்பர் பளிச்சென்று தெரிந்தது. ஓட்டியது யாரென்று தெரியவில்லை.

"செவ்வாய்க்கிழமை பதினொன்னு பத்துக்கு அந்தத் தெருவுல உங்களுக்கு என்ன வேலை?" என்று புருஷனைக் கேட்டாள் தங்கை.

"நான் வேன்ல இருந்தேன்டி."

"அப்ப கார் தானா கிளம்பி உலாத்திட்டு வந்துச்சா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

"நல்லா யோசிங்க. கதை கோர்வையா வரணும்ல?"

டீச்சர் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாயங்காலத்துக்குள் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "அக்கா, அவருக்குச் சாப்பாடு வேணுமான்னு கேளு." "அக்கா, பசிக்கலைன்னு சொல்லுங்க." மூன்று நாள் இவள்தான் தூது. ஒவ்வொரு தடவையும் உண்மை தொண்டை வரை வந்தது. சாப்பாட்டுச் செய்தி மட்டும்தான் வெளியே வந்தது.

நான்காம் நாள் அவர் கடிதத்தோடு வந்த படிவத்தை மேஜையில் விரித்தார். 'ஓட்டியவர் யார்?' என்று ஒரு கட்டம்.

"நான்தான்னு எழுதிடறேன். ஆளை விடு."

அவர் லைசென்ஸில் ஏற்கெனவே ஒரு குற்றம் ஏறியிருந்தது. இன்னொன்று ஏறினால் கம்பெனி வேனைப் பிடுங்கிக்கொள்ளும். அது டீச்சருக்கும் தெரியும். அதைவிட, அவர் அப்படி எழுதிவிட்டால் அந்தச் செவ்வாய்க்கிழமை தங்கையின் மனசில் காலத்துக்கும் சந்தேகமாகவே நிற்கும்.

பேனா தாளைத் தொட்டது.

"தம்பி, எழுதாதீங்க. நான்தான்."

ஹாரன் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற குரல், அன்று பக்கத்திலிருப்பவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"மூணு நாளா எங்களுக்குத் தூது போனியே அக்கா, அப்பக்கூட வாய் வரலையா?"

"தானா ஓஞ்சிடும்னு நினைச்சேன்" என்றாள் டீச்சர். சொன்ன பிறகு, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"எங்க போனீங்க அக்கா?" என்று அவர் கேட்டார்.

"எங்கயும் இல்ல. சும்மா, என்னால முடியுமான்னு பார்க்க."

"முப்பதுல போற தெருவுல ஐம்பதுல போயிருக்கீங்க. நல்லாவே முடிஞ்சிருக்கு." வெடித்துச் சிரித்துவிட்டுப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

தங்கை மேஜை விரிப்பின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள அக்கா தங்கை இருவருக்குமே முகமில்லை.