கெட்ட வார்த்தைக்குப் பதிலாகக் கானாங்கெளுத்தி

எங்கள் தெருவில் எது கெட்ட வார்த்தை, எது சாதாரண வார்த்தை என்று வெளியூர்க்காரர்கள் யாராலும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. ராயபுரத்திலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்கு இறங்குகிற சந்துகளில் ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. அங்கே 'கஸ்மாலம்' என்றால் காலை வணக்கம். 'பேமானி' என்றால் சாப்பிட்டாயா என்று விசாரிப்பது. இவற்றையெல்லாம் கெட்ட வார்த்தை என்று யாராவது சொன்னால் தெருவே சிரிக்கும். அதற்கு மேலே இன்னொரு அடுக்கு இருந்தது. அதுதான் அசல். அந்த அடுக்கில் எங்கள் நைனாவுக்கு இணையான ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

நைனா விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவர். திட்டினால்தான் எஞ்சின் கிளம்பும் என்று துறைமுகத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஸ்பானர் போடுவதும் எண்ணெய் மாற்றுவதும் யாருக்கும் வரும். ஆனால் நைனா போய் நின்று அதன் தாய்வழி தந்தைவழி உறவுகளையெல்லாம் விசாரித்த பிறகுதான் அது புகையைக் கக்கிக்கொண்டு எழுந்திருக்கும். "அண்ணே, எல்லாம் பாத்தாச்சி. நீ வந்து நாலு வார்த்த சொல்லுண்ணே" என்று வீட்டு வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் மகள் என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மா முழுகாமல் இருந்தாள். அதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் வயிறு பெரிதாகி, ஆஸ்பத்திரிக்குப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்திருந்தாள். தம்பிப் பாப்பா சாமிகிட்ட போய்விட்டான் என்று எனக்குச் சொன்னார்கள். இந்த முறை நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே நைனா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்று பொருத்தனை செய்துவிட்டு வந்தார். குழந்தை நல்லபடியாகப் பிறக்கும் வரைக்கும் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. மொட்டை, மெழுகுவர்த்தி, நடைப்பயணம் என்று ஊரே பொருத்தனை செய்கிறது. இவர் தன் தொழிலில் பாதியைக் கொண்டுபோய் மாதா காலடியில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாளே சோதனை வந்தது. சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தது. நைனா வாயைத் திறந்தார், மூடினார், முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்புறம் தெருவே அதிரக் கத்தினார்: "நெத்திலி!"

அன்று ஆரம்பித்ததுதான், கெட்ட வார்த்தை வரவேண்டிய இடத்திலெல்லாம் ஒரு மீன் பெயர். சின்ன எரிச்சலுக்கு நெத்திலி. கொஞ்சம் பெரிதானால் காரப்பொடி. கடன் சொல்லிவிட்டு ஓடுகிறவன் சங்கரா. கண்டெய்னர் லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிற டிரைவர் மட்டும் கானாங்கெளுத்தி. அதைச் சொல்லும்போது 'கா'வை இழுத்து, 'ங்கெ'யில் பல்லைக் கடித்து, 'தீ' என்று முடிப்பார் பாருங்கள், அசல் வார்த்தையே தோற்றுப்போகும். எஞ்சின்களும் ஏமாந்துதான் போயின. காரப்பொடி என்றதும் முன்னைப் போலவே கிளம்பின.

அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தே, என்ன சிரிக்க வெக்காத, வலிக்கிது" என்பாள். அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்த அளவு சிரிப்பு அதற்கு முன்பு இருந்ததில்லை. ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. எவ்வளவு சிரித்தாலும் நைனா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார். வாசற்படியிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். கேட்டால், "மேலெல்லாம் கிரீசு கண்ணு" என்பார். கோயிலில் எல்லாரும் ஃபாதர் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது பின்னால் தூண் ஓரமாக நின்றுகொள்வதற்கும் அவர் அதே கிரீசைத்தான் காரணமாகச் சொல்வார்.

அந்தக் கோடையில் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக அந்த அப்பத்தை வாங்குகிற சடங்கு. அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கூடத்தில் மறைக்கல்வி வகுப்பு. எங்கள் டீச்சர் இளம்பெண். ரொம்பக் கண்டிப்பு. ஒருநாள் ஆண்டவருடைய பெயரை வீணாகச் சொல்லக்கூடாது என்கிற கட்டளை வந்தது. வகுப்பில் ஒரே கலவரம். கல் தடுக்கினால் 'யேசப்பா' என்று சொல்லாத ஆள் எங்கள் தெருவில் யார்?

"மிஸ், 'மாதாவே'ன்னு சொல்லலாமா?"

"வேண்டிக்கொள்ளும்போது சொல்லலாம். பல்லி விழுந்ததற்கெல்லாம் சொல்லக்கூடாது."

"மிஸ், 'அய்யய்யோ'?"

"சொல்லலாம்."

"மிஸ், கஸ்மாலம்?"

அப்படிக் கேட்ட பையனை மட்டும் பெஞ்சு மேல் ஏற்றினார். எனக்கோ ஆர்வம் தாங்கவில்லை. எங்கள் வீட்டுப் பெருமையை எடுத்துவிட நல்ல சந்தர்ப்பம் என்று எழுந்து நின்றேன். கெட்ட வார்த்தையைச் சொல்லாமல் அதற்குப் பதிலாக வேறு ஒன்றைச் சொன்னால் பாவம் இல்லைதானே மிஸ், என்று கேட்டேன். மெச்சப்போகிறார் என்று நினைத்தேன்.

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாய் எந்த வார்த்தையை வேண்டுமானாலும் சொல்லட்டும். மனசு எதைச் சொல்கிறதோ அதைத்தான் ஆண்டவர் கேட்பார். வார்த்தையை மாற்றி அவரை ஏமாற்ற முடியாது" என்றார்.

ஐந்து மாதமாக நைனா சொன்ன ஒவ்வொரு நெத்திலியும், ஒவ்வொரு சங்கராவும் மேலே அசல் வார்த்தையாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் பொருத்தனை முதல் வாரத்திலேயே உடைந்துவிட்டது. பொருத்தனை உடைந்தால் பாப்பா? வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

நைனா வாசலில் உட்கார்ந்து, ஏதோ ஒரு பம்ப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"மீன் பேரு கண்ணு அது. மீன் பேர்ல இன்னா பாவம் கீது?" என்று சிரித்தார்.

"சொல்ல சொல்லோ மனசுல நீ இன்னா நெனச்ச நைனா? மீனையா நெனச்ச?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கையிலிருந்த திருகாணியைத் துடைத்தார். திரும்பத் திரும்ப அதையே துடைத்தார். பிறகு உள்ளே இருந்த அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"செரி கண்ணு. மனசுல இருந்து, வாய் மாத்திச் சொன்னா பாவம். ஒத்துக்கறேன். வாய் கெட்டதா சொல்லிச்சி, ஆனா மனசுல அது சுத்தமா இல்ல. அப்ப? அதுவும் மேல போய்ச் சேருமா?"

இதை டீச்சர் சொல்லித்தரவில்லை. "தெர்லயே நைனா" என்றேன்.

"கேட்டுக்கினு வந்து சொல்றியா?"

துறைமுகமே பயப்படுகிற ஆள் என்னிடம் கெஞ்சுகிற மாதிரி கேட்டார். பாடத்தில் சந்தேகம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்குக் கல்யாணமாகி, நானே பிள்ளை உண்டாகியிருந்தபோது அம்மா சொல்லித்தான் தெரியும். அந்தத் தம்பிப் பாப்பா வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் காலை. படகு காத்துக்கொண்டிருக்கிறது, நைனாவின் கருவிப்பெட்டி காணவில்லை. அம்மாவால் குனிந்து தேட முடியவில்லை, மெதுவாக நடக்கிறாள். அவசரத்தில், "நீயும் ஒன் வயித்துல கீறதும் நாசமாப் போங்க" என்று கத்திவிட்டுப் போனார். எங்கள் தெருவில் குழாயடியிலேயே ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்குகிற வார்த்தை அது. அம்மா அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே அவளுக்கு வலி எடுத்தது. "நா அத அன்னிக்கே மறந்துட்டேன்டி. அவரு மறக்கலன்னு எனக்கு எத்தினியோ நாள் கழிச்சித்தான் தெரிஞ்சிது" என்று சொல்லிவிட்டு அம்மா அழுதாள். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம்கூட அந்தப் பாவத்தைச் சொல்ல வாய் வராமல், சொல்லாமல் நன்மை வாங்கவும் துணியாமல், மூன்று வருடம் தூண் ஓரமாகவே நின்றிருக்கிறார். இந்தப் பிள்ளையும் தன் வாய்க்கு அருகே வந்தால் என்ன ஆகுமோ என்றுதான் அம்மா பக்கத்திலேயே போகாமல் இருந்திருக்கிறார்.

இது எதுவும் தெரியாத நான், அவர் வாயில் மிச்சமிருந்த மீன்களையும் பிடுங்கிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் நெத்திலி கிடையாது, சங்கரா கிடையாது. சுத்தியல் விழுந்தால் கையை உதறிவிட்டுச் சும்மா இருந்தார். படகுக்காரர்கள் வந்து, "அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லியா?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மாவின் சிரிப்பும் நின்றுபோனது. டீச்சரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. யாருக்காகக் கேட்கிறாய் என்றால் நைனா மாட்டிக்கொள்வாரே. நைனாவும் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான் வகுப்பிலிருந்து வரும்போது வாசலில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

புதுநன்மைக்கு முந்தின நாள் எங்கள் முதல் பாவசங்கீர்த்தனம். நான் ஒரு முடிவோடு போனேன். அவரவர் பாவத்தைத்தான் அவரவர் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே நைனாவின் மீன்களையெல்லாம் என்னுடையதாகச் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டால் பாப்பா பிழைத்துக்கொள்ளும். வரிசையில் நின்று பட்டியலை மனப்பாடம் செய்தேன்.

பாவசங்கீர்த்தனக் கூண்டின் வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் தெரியவில்லை. பெருமூச்சு மட்டும் கேட்டது. எனக்கு முன்னால் முப்பது பிள்ளைகள் மிட்டாய் திருடியதைக் கேட்டுக் களைத்திருந்தார். நான் முழங்காலில் நின்று ஆரம்பித்தேன்.

"நெத்திலி, நெறைய வாட்டி ஃபாதர். காரப்பொடி, சங்கரா, தெனமும். கானாங்கெளுத்தி, லாரி வர்றப்போ மட்டும்."

"என்னம்மா இது, மார்க்கெட்டுக்குப் போற லிஸ்டா?"

"இல்ல ஃபாதர். பாவம்."

விளக்கிச் சொன்னேன். மீன்காரர் ஊரில் பல வருடம் இருந்தவருக்கு ஒன்பது வயதுப் பெண் லாரி டிரைவர் மேல் கானாங்கெளுத்தியை ஏவியிருக்க மாட்டாள் என்று தெரியாதா? "இதையெல்லாம் சொன்னது யாரு?" என்றார். "நான்தான்" என்றேன். "பொய் சொன்னா என்ன ஆகும்னு டீச்சர் சொல்லித்தந்தாங்களா?" என்றார். என் தைரியம் அத்தோடு போய்விட்டது. விசும்பிக்கொண்டே பொருத்தனையைச் சொன்னேன், பாப்பாவைச் சொன்னேன், முன்னால் போன தம்பியைச் சொன்னேன். கடைசியில், எப்படியும் மாட்டிக்கொண்டாகிவிட்டது என்று, நைனாவின் கேள்வியையும் கேட்டுவிட்டேன். வாய் சொல்லி, மனசுல இல்லாட்டி, அது மேல போய்ச் சேருமா ஃபாதர்?

தூங்கிவிட்டாரோ என்று வலையில் கண்ணை ஒட்டிப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"அப்பாகிட்ட போய்ச் சொல்லும்மா" என்றார் மெதுவாக. "மனசுல இல்லாத வார்த்தை எங்கயும் போய்ச் சேராது. சாபமும் சேராது. ஃபாதர் உறுதியா சொன்னார்னு சொல்லு. அவரை ஒருநாள் வந்து என்னைப் பார்க்கச் சொல்லு."

நான் கேட்டது கெட்ட வார்த்தையைப் பற்றி. இவர் எதற்காக நடுவில் சாபத்தைக் கொண்டுவருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பரிகாரமாக மூன்று முறை 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். "மீன் பேரு சொல்லலாமா ஃபாதர்?" என்றேன். "தாராளமா. எனக்கே பசிக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது நைனா வாசலில் ஸ்பானர்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். வழக்கம் போல நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்.

"நைனா, நீ கேட்டத கேட்டுட்டேன். மனசுல இல்லாத வார்த்த எங்கயும் போய்ச் சேராதாம். சாபமும் சேராதாம். ஃபாதருக்கு வயசாயிடுச்சி நைனா, சாபம்னு நான் கேக்கவே இல்ல, அவரா சேத்துக்கினாரு. உறுதியா சொன்னேன்னு சொல்லச் சொன்னாரு."

நைனா ஸ்பானர்களைக் கீழே வைத்தார். "சாபம்னு சொன்னாரா?" என்றார். "இன்னொரு தபா சொல்லு கண்ணு." சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். எனக்குச் சலித்துவிட்டது.

அவர் எழுந்து குழாயடிக்குப் போனார். மண்ணெண்ணெய் போட்டுக் கையைக் கழுவினார். அப்புறம் சோப்பு. அப்புறம் ஒரு குச்சியை எடுத்து ஒவ்வொரு நகத்துக்குள்ளும் விட்டு கிரீசை நோண்டி எடுத்தார். முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

அம்மா பாயில் படுத்திருந்தாள். நைனா படியைத் தாண்டி உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். அவர் வயிற்றின் மேல் கையை வைத்து, குனிந்து, உதடு புடவையில் படுகிற அளவுக்கு நெருங்கி, ஏதோ பேசினார். நிறைய நேரம் பேசினார். அம்மா அவர் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

நான் கிட்டே போய்க் காதை வைத்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயிலில் மண்டிபோட்டு, ஃபாதரிடம் மாட்டிக்கொண்டு பதில் வாங்கி வந்தவள் நான். ரகசியம் மட்டும் இன்னும் பிறக்காத அதற்கா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் தங்கை பிறந்த பிறகும் இரண்டு நாள் நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.