மறுபடியும் முதலிலிருந்து

தையல்கார அக்காவுக்குச் சில நேரம் தன் நினைவே இருக்காது. நினைவு திரும்பும்போது, தான் தைத்ததாக ஞாபகமே இல்லாத சட்டை மடியில் கிடக்கும். வலக்கைக்காரியான அவளுக்கு, இடக்கைக்காரர் யாரோ வைத்ததுபோல் இடப்பக்கத்தில் கத்தரிக்கோல் இருக்கும். முதல் டாக்டர் இதற்கொரு பெயர் வைத்தார். அடுத்தவர் அதை மாற்றினார். இன்றைக்குப் புதிதாக வந்தவரோ, "அந்தப் பேரையெல்லாம் டாக்டருங்க பார்க்கிற புது நோய்ப் புத்தகத்துல எடுத்துட்டாங்கம்மா. எப்போ ஆரம்பிச்சதுன்னு முதல்லேருந்து சொல்லுங்க" என்றார்.

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மறந்துபோகுதுன்னுதானே சார் வந்தேன்? போன தடவை சொன்னதெல்லாம் என்னாச்சு?"

"அது பழைய நோய்ப் பேர்ல எழுதியிருக்கு. இப்போ செல்லாது."

"நான் தைச்சதை மறந்துடுவேன் சார், ஆனா பிரிச்சுப் போட்டதில்ல. நீங்க தைச்சதை நீங்களே பிரிச்சுட்டு, துணிக்கு என்கிட்டயே வந்து நிக்கிறீங்களே!"