பறிமுதல் அண்ணன்

ஆறு மாதத்துக்கு முன்னால் அவனை வேண்டாமென்று சொன்ன கம்பெனி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மறுபடியும் கூப்பிட்டது. ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து பேசிய பெண் நல்ல மாதிரி. இஞ்சினியரிங் மானேஜர் வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, போன தடவை மற்ற சுற்றுகளில் நன்றாகச் செய்திருந்ததால் கடைசிச் சுற்றுக்கு மட்டும் வந்தால் போதும், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என்றாள். இதிலும் தேறாவிட்டால் இரண்டு வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதையும் அதே இனிமையோடு சொல்லிவைத்தாள். வாயில் நுரையோடு அவன் எல்லாவற்றுக்கும் "ம்" போட்டான்.

அந்தக் கடைசிச் சுற்று அவனுக்கு மறக்கவில்லை. அவர்களுடைய ஆள் ஒருவர் புதிதாய்ச் சேர்ந்த இஞ்சினியர்போல நடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லேப்டாப்பில் ஓடாத ஒரு புரோகிராம். இருபது நிமிடத்தில் அவருக்கு உதவ வேண்டும். போன தடவை நம் ஆள் நாலாவது நிமிடத்தில் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். ஆறாவது நிமிடத்தில் தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு, ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தவன்போல நாற்காலியில் சாய்ந்தான். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. தப்பை மிக வேகமாகக் கண்டுபிடித்தீர்கள், ஆனால் நாங்கள் தப்பைக் கண்டுபிடிக்கிற ஆளைத் தேடவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதை அவன் பத்துத் தடவை படித்தான். பத்துத் தடவையும் கோபம் வந்ததே தவிர, அர்த்தம் புரியவில்லை.

ஒன்பது வருடமாகப் புரோகிராம் எழுதுகிறவன். அவனுக்குப் பிறகு சேர்ந்த இரண்டு பேர் இப்போது மானேஜர்கள். அவனுடைய பரம்பரையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். அப்பா போன வருடம் வரைக்கும் அறுவடை மெஷின் ஓட்டினார். பன்னிரண்டு வயதிலேயே தெருவில் யாருக்கு என்ன விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றாலும் அவனிடம்தான் வருவார்கள். விளக்கிச் சொன்னால் அரை நாள் போய்விடும், தானே நிரப்பினால் ஐந்து நிமிடம். "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்பது அப்போதே நாக்கில் ஒட்டிக்கொண்ட பேச்சு. அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. இல்லாமல் எப்படி இருக்கும்?

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினான். மானேஜர் வேலைக்குக் கேட்கக்கூடிய கேள்விகள் நாற்பத்திரண்டு, அவற்றுக்குப் பதில்கள், முக்கியமான இடங்களில் சிவப்புக் கோடு. பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் படித்த அதே முறைதான். சாயங்காலம், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் அவன் மனைவி துணி மடித்துக்கொண்டே நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். பதினேழாவது கேள்வி: உங்களைப் பற்றி உங்கள் டீம் என்ன சொல்லும்? அவன் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாரையும் அரவணைத்துப் போகிறவர் என்று சொல்வார்கள் என ஒப்பித்தான்.

"யாரு சொன்னா?"

"பொதுவா சொல்றதுதான்."

"நீங்க கேட்டீங்களா?" என்று ஒரு சட்டையை உதறினாள். "எங்க லேபுல ரத்தம் எடுக்காம ரிசல்ட் எழுதினா வேலையே போயிடும்."

மறுநாள் அவன் போய்க் கேட்டான். அவன் டீமில் டெஸ்டிங் பார்க்கிற பெண் மூன்று வருடமாக அவனோடு வேலை செய்கிறவள், பேச அஞ்சாதவள். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு பட்டப்பெயர் இருக்கிறது, கோபித்துக்கொள்ள மாட்டீர்களே என்றாள். அவன் மாட்டேனென்று தலையாட்டினான்.

"பறிமுதல். பறிமுதல் அண்ணன். நீங்க யார் கீபோர்டையாவது இழுத்தீங்கன்னா, ரெய்டு ஆரம்பிச்சாச்சுன்னு அடுத்த ரூம் வரைக்கும் மெசேஜ் போயிடும்."

அவன் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது, காது மட்டும் சுட்டது. இது என்ன அநியாயம், நான் பார்த்துக் கொடுக்காவிட்டால் பாதி வேலை முடிந்திருக்குமா என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே இடத்துக்குப் போனவன், ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கீபோர்டில் கை வைத்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டான். சாயங்காலத்துக்குள் ஒன்பது. அந்த ஒன்பதில் இரண்டு பேர் அவனிடம் உதவியே கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் முப்பத்தெட்டு வாங்கி, அடுத்த வருடமே தொண்ணூற்றாறு வாங்கியவன் அவன். இதுவும் ஒரு பாடம்தான் என்று முடிவுகட்டினான். அடுத்த வார வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருடைய கீபோர்டையும் தொடுவதில்லை. முதல் நாள் விரல்கள் தினவெடுத்தன. இரண்டு கையாலும் டீ கப்பைப் பிடித்துக்கொண்டான். டீ தீர்ந்த பிறகும் காலி கப்பை விடவில்லை. மீட்டிங்குக்கும் அதே காலி கப்போடு போனான். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று இரண்டு பேர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

சனிக்கிழமை அப்பாவோடு பயிற்சி. கண்ணை டாக்டரிடம் காட்டுவதற்காக வந்து தங்கியிருந்தார். ஆஸ்பத்திரியில் நேரம் வாங்குவதற்கு போனிலேயே ஒரு ஆப். எப்போதும்போல அவர் போனை நீட்டினார். இந்தத் தடவை அவன் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னடா, போலீஸ்ல பிடிச்ச மாதிரி நிக்கிறே? இந்தா, அமுக்கு."

"நீங்களே அமுக்குங்கப்பா. நான் வாயால சொல்றேன்."

"வாயாலயா? நாப்பது வருஷம் மெஷின் ஓட்டுனவன்டா நான். எனக்கே நீ வாயால ஓட்டிக் காட்டுறியா?"

முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் அப்பா இரண்டு தடவை போனைச் சோபாவில் போட்டுவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் திரும்பி வந்தார். அவன் அசையவில்லை. கடைசியில் ஒரு வழியாக நேரம் வாங்கிவிட்டார். பார்த்தால், கண்ணுக்கு அல்ல, பல்லுக்கு.

மனைவி சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். அவனுடைய கை முதுகுக்குப் பின்னாலிருந்து பாதி வழி வந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோய்க் கட்டினான். அப்பா போனைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "பல்லும் ஆடத்தான் செய்யுது, இருக்கட்டும்" என்றார். பிறகு கண்ணுக்குத் தனியாக ஒரு நேரம் வாங்கினார். இந்தத் தடவை ஆறே நிமிடம், அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மறுநாள் மாடியில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த ஆப்பை அப்பா விளக்கிக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்தது.

நிஜமான சோதனை புதன்கிழமை வந்தது. காலை பதினோரு மணிக்கு வாடிக்கையாளர் யாருக்கும் லாகின் ஆகவில்லை. கீபோர்டின் முன்னால் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் "நிதானம்". நாற்பது வயதுக்கு மேல் வேறு வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர், இரண்டே விரலால் தட்டுவார், அதனால் அந்தப் பெயர். பின்னால் நாலு பேர் கூடிவிட்டார்கள். நம் ஆளுக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டதுபோல இருந்தது. சர்வரில் கூட்டம் அதிகமாகிவிட்டது, நிறுத்தி ஓட்டினால் தீர்ந்தது. குடுங்க என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. டெஸ்டிங் பெண் அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கையைக் கட்டினான். "என்ன தெரியுது உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டான்.

நிதானம் சர்வர் பதிவுகளை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தார். பத்து நிமிடம். இருபது நிமிடம். டைரக்டர் அறையிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். இன்னும் எவ்வளவு நேரமாகுமென்று கேட்டவர்களுக்கு நம் ஆளே முன்னால் போய்ப் பதில் சொன்னான், பின்னால் நின்றவர்களைக் கலைத்தான், நிதானத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் நிதானம், பதிவு காட்டிய புரோகிராமைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் யாரோ அவசரத்துக்கு எழுதியிருந்தது. இன்ன தேதி வரைக்கும்தான் லாகின் செல்லும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. அந்தக் கெடு அன்றைக்குக் காலை பதினோரு மணியோடு முடிந்திருந்தது.

யார் எழுதியதென்று அந்த வரியிலேயே இருந்தது. அவன்தான்.

"அன்னைக்கு நான் இதை வேற மாதிரி எழுதிட்டிருந்தேன் தம்பி" என்றார் நிதானம். குரலில் குத்தல் இல்லை. "முடிக்கறதுக்குள்ள நீங்க வாங்கிட்டீங்க."

சர்வரை நிறுத்தி ஓட்டியிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் வீணாகியிருக்கும். அதையும் அவன் செய்திருப்பான், நம்பிக்கையோடு. அன்று மதியம் எல்லாருக்கும் போன விளக்கக் கடிதத்தில், காரணம் தன்னுடைய வரி, கண்டுபிடித்துச் சரிசெய்தவர் நிதானம் என்று அவனே எழுதினான். எழுதும்போது கசந்தது. அனுப்பிய பிறகு பசித்தது.

வெள்ளிக்கிழமை. அதே அறை, அதே வெள்ளை மேசை, புதிதாய்ச் சேர்ந்தவராக நடிக்க அதே ஆள். அவர் இந்தத் தடவை இன்னும் நன்றாக நடித்தார். தலையைச் சொறிந்தார், தப்பான இடத்தையே சுற்றிச்சுற்றி வந்தார். ஐந்தாவது நிமிடத்தில் தப்பு எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கேள்விதான் கேட்டான். கடைசியாக எப்போது சரியாக ஓடியது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று. பதினெட்டாவது நிமிடத்தில் அவர் பெருமூச்சு விட்டு லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"நேரமே இல்ல சார். நீங்களே முடிச்சிடுங்களேன்."

இரண்டு நிமிடம் இருந்தது. அவனுக்கு அரை நிமிடம் போதும். இதை முடிக்காவிட்டால் தோற்றதாக எழுதிக்கொள்வார்களோ? எழுதட்டும் என்று லேப்டாப்பை அவர் பக்கமே திருப்பி வைத்தான். "நீங்க பாதி தூரம் வந்துட்டீங்க. இந்தக் கடைசி மாற்றத்தை மட்டும் எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க, என்ன வருதுன்னு சொல்லுங்க."

இருபது நிமிடம் முடிந்து மணி அடித்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. அவர் லேப்டாப்பை மூடிவிட்டு நடிப்பையும் மூடினார். ஒரே ஒரு கேள்வி என்றார். உங்களைப் பற்றி உங்கள் டீம் என்ன சொல்லும்? பதினேழாவது கேள்வி. சிவப்புக் கோடு போட்ட பதில் வரிசையாக வாய்வரைக்கும் வந்தது.

"பறிமுதல்னு சொல்வாங்க சார்" என்றான்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவன் ஒன்பது கோடுகளையும், புதன்கிழமையையும், தேதி போட்டது யார், கண்டுபிடித்தது யார் என்பதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் எழுந்து கை கொடுத்தார். போன தடவை கை கொடுத்ததைவிட இந்தத் தடவை அவர் பிடி கொஞ்சம் அழுத்தமாக இருந்ததாக வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டான். அப்படி இல்லையென்றும் நினைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை அந்த இனிமையான குரல் கூப்பிட்டது. வேலை கிடைத்துவிட்டது. அப்பா கேட்டுவிட்டு, எத்தனை பேரை மேய்க்க வேண்டும் என்றார். பதினோரு பேர் என்றதும், "அத்தனை பேருக்கும் வாயாலதானா? பாவம் அவங்க" என்றார்.

பழைய ஆபீசில் கடைசி நாள். கேக் வெட்டி முடிந்த பிறகு நிதானம் ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தார். ஒயர் அறுந்த பழைய கீபோர்டு. அதன்மேல் சிவப்பு ரிப்பன், பறிமுதல் செய்யப்பட்டது என்று ஒரு அட்டை.

"எடுத்துக்கங்க அண்ணா" என்றாள் டெஸ்டிங் பெண். "கடைசியா ஒண்ணு."

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அறை முழுக்கச் சிரித்தது. நிதானம் அதை எடுத்து அவன் கையில் திணிக்கிற வரைக்கும் அவன் தொடவில்லை.