எட்ஸோ என்றால் கணவன்

உலகத்தார் எல்லோருக்கும் பொதுவாக ஒருவர் உட்கார்ந்து ஒரு மொழி செய்தால், அதில் மனைவிக்கு முன்பே கணவன் பிறந்திருப்பான் என்று நான் நம்பினேன். அப்படி ஒருவர் செய்த எஸ்பெராண்டோ மொழியைத் தபாலில் படித்துக்கொண்டிருந்த காலம். ‘பாத்ரோ’ அப்பா, நடுவில் ‘இன்’ என்று ஒரு துண்டைச் செருகினால் ‘பாத்ரீனோ’, அம்மா. அப்படியே ‘எட்ஸோ’ கணவன், ‘எட்ஸீனோ’ மனைவி. ஆண் மரம், பெண் கிளை.

இது எனக்குப் பெரிய ஆறுதல். உப்புவெளியில் இருந்த மாமா மகளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் சீதன வீட்டுக்குப் போகவேண்டும். அன்றோடு அவன் பெயர் போய்விடும். இன்னாருடைய புருசன், அவ்வளவுதான்.

துறைமுகத்தில் கப்பல் முகவர் ஒருவரின் கந்தோரில் எனக்கு வேலை. தேயிலை ஏற்ற வந்த கப்பலின் அதிகாரி ஒருவர் எஸ்பெராண்டோக்காரரின் பச்சை நட்சத்திரத்தைச் சட்டையில் குத்தியிருந்தார். என் மரக் கொள்கையை அவரிடம் அவிழ்த்துவிட்டேன். அவர் சிரித்தார். ‘எட்ஸோ’ மட்டும் தலைகீழாம். பட்டத்து இளவரசனின் மனைவியைக் குறிக்கும் ஒரு சொல்லின் வாலை நறுக்கியெடுத்து, அதில் முதலில் மனைவியைச் செய்தார்களாம். அவளிடமிருந்து பெண் துண்டைக் கழற்றியபோது மிஞ்சியவன்தான் கணவனாம்.

மிஞ்சியவன்! கந்தோர் முடிந்ததும் சைக்கிளை உப்புவெளிக்கு மிதித்தேன். மாமா மகள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“மச்சாள், இஞ்ச வந்து இருக்க எனக்கு ஏலாது. நாங்கள் டவுனில இருப்பம்.”

“ஏன் மச்சான், இந்த வீடு உங்களைக் கடிக்குமோ?”

கப்பல்காரர் சொன்னதை மூச்சு வாங்கச் சொன்னேன்.

“சரியாத்தானே சொல்லியிருக்கிறார்,” என்றாள், கை நிற்காமல். “சரி, டவுனில எங்க இருக்கிறது?”

“எங்கட வீட்டில.”

“அது உங்கட அக்காவுக்குச் சீதனமாக் குடுத்த வீடெல்லோ? உங்கட கட்டிலில இப்ப ஆர் படுக்கிறது?”

“அத்தான்.”

“நீங்கள்?”

“விறாந்தையில.”

“அங்க எனக்கும் ஒரு பாய் போடுவியளோ?”

ஒரு பிடி தேங்காய்த் துருவலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் திருப்பினேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அன்று பின்னேரமே அக்காவின் புருசன் என் பெட்டியைத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டுவந்து உப்புவெளி வீட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்.