பூப்பறிக்கப் போன பள்ளம்

அன்றைக்கு அம்மா அந்த மணலில் ஏன் உட்கார்ந்தாள்? இத்தனை வருடங்களுக்குப் பிறகு இப்போதுதான் கேட்கிறேன்.

பொங்கல் முடிந்து வரும் பூப்பறிக்கிற நோம்பி அது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பெண்களும் குழந்தைகளும் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு ஆவாரம்பூ பறிக்கக் கிளம்பிவிடுவோம். மதுக்கரைக்கு அப்பால், மலையடிவாரத்தில் ஒரு பள்ளம், மழைக்கு மட்டும் ஓடும் ஓடை. அந்த வருடம் மழை இல்லை. தண்ணீர் ஓட வேண்டிய வழியெல்லாம் வெறும் மணல். இருபுறமும் செம்பாறை சுவராக எழுந்து நிற்க, மேலே வானம் ஒரு தாவணி அகலத்துக்குத்தான் தெரியும். முள்ளில்லை, ஏற்றமில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தைகளே நடந்துவிடலாம். மறுமுனையில் ஆவாரஞ்செடிகள்.

பாதி வழியில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். கைக்குழந்தையான தம்பியைப் பக்கத்தில் துண்டு விரித்துப் படுக்க வைத்தாள்.

"கட்டுச்சோறு பிரிக்கறதுக்கு முந்தியே காலு போச்சா அம்மணி?" என்று சிரித்தார் அத்தை, அப்பாவின் அக்கா.

"காலெல்லாம் நல்லா இருக்குதுங்க. நீங்க போங்க. நான் இங்கயே இருந்துக்கறனுங்க."

"இருந்துக்கோ. நரி வந்து கூட்டிட்டுப் போவட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். பாறைகளும் சேர்ந்து சிரித்தன. அந்தச் சத்தத்தில் தம்பி அழத் தொடங்கினான். அம்மா அவனைப் பார்த்தாள், தூக்கவில்லை. "கொழந்த அழுவுதுங்க" என்று அத்தையிடம் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல, அத்தனை மரியாதையாக.

அத்தை முணுமுணுத்துக்கொண்டே அவனைத் தூக்கிப்போனார். நான் ஓடிப்போய் ஒரு கைப்பிடி பூப் பறித்துவந்து அம்மாவின் மடியில் போட்டேன்.

"வாம்மா."

"வாரேன் கண்ணு."

எழவில்லை. மறுபடி ஓடினேன். மடி மஞ்சளாக நிரம்பிக்கொண்டே வந்தது. ஏதோ புது விளையாட்டு என்றே நினைத்தேன். இன்னும் கொஞ்சம் போட்டால் எழுந்துவிடுவாள். வெயில் பாறையை விட்டு இறங்கிய பிறகு அத்தைதான் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். பூவெல்லாம் மணலில் கொட்டியது. அம்மா அதை மிதித்துக்கொண்டே நடந்தாள்.

"பள்ளத்துல குடியேறப் பார்த்தவ" என்று வீட்டில் இன்றும் கேலி செய்வார்கள். அம்மாவும் சிரிப்பாள். நானும் சிரித்துவந்தேன், போன வாரம் வரை.

என் மகளுக்கு இப்போது மூன்று மாதம். சிங்காநல்லூரில் வசதியான வீடு, கோபிக்கத் தெரியாத கணவர். எதுவும் கஷ்டமில்லை. தொட்டிலில் அவள் வீறிட்டு அழ, நான் கட்டிலில் உட்கார்ந்தபடி அவரிடம் சொன்னேன்: "பாப்பா அழுவுதுங்க."

சொன்ன பிறகுதான் அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தது.

அத்தை கையைப் பிடித்து நிறுத்திய பிறகு, உள்ளுக்குள் எப்படி எழுந்தாய் என்று அம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்டால், நானும் அங்கே உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும். தாங்குவாளா? கேட்காமல் எனக்கு எழத் தெரியவில்லை. இதைப் படிக்கிற உங்களில், இந்த மணலில் உட்கார்ந்து எழுந்தவர்கள் யாராவது இருந்தால், முதலில் யாரிடம் சொன்னீர்கள், என்ன வார்த்தையில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.