ஆமைப் படம் போட்ட ஓவரோல்

போன வெள்ளிக்கிழமை பின்னேரம், என் தங்கையின் கணவர் அன்ரன் மோட்டார் சைக்கிளை என் தையல் கடை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு காகிதப் பையோடு உள்ளே வந்தார். துறைமுகப் பக்கம் படகு திருத்தும் யார்ட் ஒன்றில் அவருக்கு வெல்டிங் வேலை. பைக்குள், மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த புத்தம் புதிய வேலையுடுப்பு – ஓவரோல். கருநீலம். மார்பில் ஒரு குட்டி ஆமைப் படம்.

“மச்சான், இது என்ன துணி எண்டு சொல்லு பாப்பம்?”

தடவிப் பார்த்தேன். வழுவழுப்பு. பாரமே இல்லை. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

“போத்தல்,” என்றார் அன்ரன். “கடல்ல கிடந்த பிளாஸ்டிக் போத்தல், பழைய வலை எல்லாத்தையும் உருக்கி, நூலாக்கி நெய்திருக்கிறாங்கள். காலை ரெண்டு இஞ்சி வெட்டிக் கட்டையாக்கித் தா. திங்கட்கிழமை யார்டைப் பாக்க வெளிநாட்டு ஆக்கள் வருகினம். எல்லாரும் இதைப் போட்டுக்கொண்டு நிண்டு போட்டோ எடுக்க வேணும்.”

இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். டயரைப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவேன். மருந்துக் குளிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவேன். அப்படிப்பட்டவனிடம் வந்து, நீ குடித்து எறிந்த போத்தல் சட்டையாகத் திரும்பி வந்திருக்கிறது என்றால்... நம்புவேனா?

எந்தக் கடல்? யார் பொறுக்கினார்கள்? பக்கத்துச் சல்லிக் கிராமத்துக் கரையில் கிழிந்த வலை குவிந்து கிடக்கிறது – அதை ஒருவரும் வந்து அள்ளியதாக நான் காணவில்லையே?

“ஆமைக்கு நல்லதாம்,” என்றார் அன்ரன்.

“ஆமைக்கு நல்லது, சரி. உனக்கு?”

“உன்ர கலியாண எழுத்து நாளண்டு பதிவாளரிட்டயே அடையாள அட்டை கேட்டவன்தானே நீ,” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவன். இரசாயனம் தெரியாது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. துணியில் சந்தேகம் வந்தால், ஓரத்தில் கொஞ்சம் வெட்டி நெருப்புக்குச்சியைப் பிடிப்போம். பருத்தி என்றால் கடதாசி மாதிரி எரிந்து சாம்பலாகும். தேய்த்தால் பொடி. அவ்வளவுதான்.

அன்ரனின் ஓவரோல் காலில் இருந்து ஒரு கீற்று வெட்டிப் பிடித்தேன். முதலில் சுருண்டது. பிறகு கொதித்தது. பிறகு கறுப்புச் சர்க்கரைப் பாணி மாதிரிச் சொட்டத் தொடங்கியது. ஒரு சொட்டு என் இடது சுட்டுவிரலில். உதறினேன். போகவில்லை. பிடித்து இழுத்தேன் – தோலும் சேர்ந்து வந்தது.

ஒரே ஒரு சொட்டுக்கு இந்தப் பாடு. வெல்டிங் செய்கிறவன் மேல் நாள் முழுக்கத் தீப்பொறி விழுகிறது. கழுத்தில், கைமடிப்பில், மார்பில். பழைய தடித்த பருத்திச் சட்டையில் சின்னச் சின்ன ஓட்டை விழும். அந்த ஓட்டைகளுக்கு எத்தனை வருடமாக ஒட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்! அன்ரனின் தோலில் ஓட்டை விழுந்தால் யார் ஒட்டுப் போடுவது?

அன்ரனுக்குப் போன் எடுத்தேன்.

“மச்சான், இது உருகுது. தோலில ஒட்டுது.”

“நெருப்பு வைச்சா உருகாமல் பாட்டா பாடும்?”

“உன்ர வேலையே நெருப்புத்தானே?”

“எல்லாருக்கும் தந்தது. நான் மட்டும் பழசைப் போட்டுக்கொண்டு நிண்டா ஆக்கள் என்ன நினைப்பினம்? தைச்சுத் தா. ஏலாதெண்டா வேற கடையில குடுக்கிறன்.” வைத்துவிட்டார்.

அடுத்த நிமிடம் தங்கை போன் எடுத்தாள். “அண்ணா, இவர் நான் சொல்லிக் கேக்கமாட்டார். நீங்கதான் ஏதாவது செய்யுங்கோ.”

சனிக்கிழமை காலையில் யார்டுக்குச் சைக்கிள் மிதித்தேன். வழியெல்லாம் மனதுக்குள் பேச்சுத் தயாராகிறது. மலிவாக வாங்கியிருப்பார்கள். வெளிநாட்டுக்காரருக்குப் போட்டோ, எங்கள் ஆட்களுக்குக் கொப்புளம். ஆமைக்கு இருக்கிற மரியாதை மனிசனுக்கு இல்லையா? கேட்டே விடுவது!

ஸ்டோர் கீப்பர் கிண்ணியாக்காரர். என்னை விட மூத்தவர்; ‘நானா’ – அண்ணன் – என்றுதான் கூப்பிடுவேன். அவரும் அதே ஆமை ஓவரோலில்தான் இருந்தார். கருகிய கீற்றை அவர் மேசையில் வைத்தேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

“தம்பி, இது நெருப்பு வேலைக்கு ஆகாது எண்டு எனக்குத் தெரியாதா? வெல்டிங் ஆறு பேருக்கும் தடிச்ச பருத்தியில வேற எடுத்தது. அந்தா, கட்டுப் பிரிக்காமக் கிடக்கு.”

“அப்ப ஏன் குடுக்கேல்லை, நானா?”

“குடுத்தன். ஒருத்தரும் தொடல்ல. எல்லாருக்கும் ஆமை, எங்களுக்கு மட்டும் மொட்டைச் சட்டையா, நல்லத ஒளிச்சி வெச்சிட்டு எங்கள ஏமாத்துறீங்களா எண்டு சண்டை. யார்ட் பெரியவருக்குக் கடிதமும் குடுத்தாங்க. போட்டோ முடியும் வரைக்கும் பிரச்சினை வேணாம், குடு எண்டுட்டார் அவர்.”

மேசை லாச்சியை இழுத்துக் கடிதத்தை எடுத்து நீட்டினார். ஆறு கையெழுத்து. முதலாவது – அன்ரன்.

கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். நான் வெளிநாட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். கம்பனியைச் சந்தேகப்பட்டேன். ஆமையைக்கூட விடவில்லை. சந்தேகம் சரி... போன விலாசம்தான் பிழை. என்னைக் கேலி செய்த மச்சானோ, யார்டில் தன் தோலைப் பற்றி யோசித்த ஒரே மனிதரான இந்த நானாவைச் சந்தேகப்பட்டிருக்கிறார். ‘இது உனக்கு ஆகாது’ என்கிறவர் மேல்தான் எங்களுக்கு எப்போதும் சந்தேகம். படம் போட்டுப் பளபளவென்று வருவதை யார் கேள்வி கேட்கிறோம்?

“அந்தப் பருத்திச் சட்டையில ஒண்டை என்னட்டத் தாங்கோ நானா.”

“ஏலாது. அவர் வந்து கேக்கணும்.”

“சரி, இதையாவது சொல்லுங்கோ. இது உண்மையில கடல்ல எடுத்த போத்தல்தானா?”

“லேபிள்ல அப்பிடித்தான் இருக்கு, தம்பி. நான் கூடப் போகல்ல.”

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பூசை முடிந்த கையோடு அன்ரனும் தங்கையும் கடைக்கு வந்தார்கள். அன்ரன் திரைக்குப் பின்னால் போய் ஓவரோலைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

இரண்டு காலும் கெண்டைக்கால் நடுவில் நின்றன.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அன்ரன் கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் விரலில் சுற்றியிருந்த துணிக் கட்டைப் பார்த்தார்.

“என்ன மச்சான் இது?”

“விரல் இப்பிடி. கத்தரிக்கோல் நிக்கேல்லை.”

“நாளைக்கு நான் எதைப் போடுறது?”

“ஸ்டோரில ஒரு கட்டுக் கிடக்காம். பிரிக்காமல்.”

அவருக்கு விளங்கிவிட்டது. கடிதத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. போகும்போது மட்டும், “விரல் கட்டை அவிழ்,” என்று சொல்லி, என் விரலைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை மத்தியானம் தங்கை யார்ட் போட்டோவை அனுப்பினாள். முன்வரிசை முழுக்க ஆமை. பின்வரிசையில் ஆறு பேர் – கழுத்துவரை பொத்தான் பூட்டிய மொட்டைப் பருத்திச் சட்டையில். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. என் விரல் படம் மற்ற ஐந்து பேரின் போனுக்கும் போயிருந்ததாம். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஆறு சட்டையையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அன்ரன் இப்போது துறைமுகம் முழுக்க என் கத்தரிக்கோலைப் பற்றிக் கதை சொல்லித் திரிகிறாராம். கடைக்கு வருகிறவர்கள், நான் அளவெடுத்த பிறகு நாடாவை வாங்கித் தாங்களும் ஒருமுறை பிடித்துப் பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும்... நல்ல பழக்கம்தானே?