கார்ட்டூனுக்குப் பொன்னாடை

நான் எழுதிப் பாடிய பாட்டுக்கு ஏன் கார்ட்டூன் வீடியோ என்று கேட்கிறவர்களிடமெல்லாம் கலை ஆர்வம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய். சாதாரண வீடியோ எடுத்தால் என் முகத்தைக் காட்ட வேண்டும். நான் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நாற்பது வயது, முன்மண்டையில் முடி கிடையாது, தொப்பை முன்னால் போக நான் பின்னால் போவேன். பாட்டோ, நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் நடக்கும் காதல் பாட்டு. கேட்கிறவர்கள் மனத்தில் ஒரு கதாநாயகன் இருக்கும்போது நான் எதற்குக் குறுக்கே நிற்க வேண்டும்?

வரைந்து கொடுத்தவள், படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண். முதல் படத்தை அனுப்பினாள். தட்டை மூக்கு, கறுத்த நிறம், தொப்பை என்று அச்சு அசலாக நானேதான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஏம்மா, நான் இவ்ளோ கறுப்பாவா இருக்கேன்?”

“போட்டோவப் பாத்துதாண்ணே வரஞ்சேன்.”

“போட்டோவப் பாக்காம வரைலா!”

வரைந்தாள். நிறத்தைக் குறைக்கச் சொன்னேன், மூக்கை நிமிர்த்தச் சொன்னேன், முடியைக் காற்றில் பறக்கவிடச் சொன்னேன். ஆறாவது திருத்தத்தில் பிறந்தவன் பால்மரம் வெட்டப் போகிறவனாகத் தெரியவில்லை. தோட்டத்தையே விலைக்கு வாங்க வந்தவன்போல இருந்தான். மரத்தில் பால் எடுக்கும் காட்சியில்கூட அவன் சட்டையில் ஒரு சொட்டுக் கறை கிடையாது.

வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. ரஹாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், பக்கத்து மேசைக்காரர் கைப்பேசியில் என் பாட்டைப் போட்டுத் தாளம் தட்டுவார். என்னைப் பார்த்து, உப்பு டப்பாவை எடுத்துத் தரச் சொல்வார்.

எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய்விட்டது, பாதி நிலத்தில் வீடுகள் வந்துவிட்டன. கோயில் மட்டும் இருக்கிறது. ஊர் ஊராகப் பிரிந்து போனவர்கள் திருவிழாவுக்குத் திரும்பி வந்து, சாமி கும்பிட்டு, அடுத்தவர் என்ன கார் வாங்கியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த வருடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் கலை நிகழ்ச்சியில் பாடக் கூப்பிட்டார்கள். பொன்னாடையும் போடுவோம் என்றார்கள்.

எனக்கு வேண்டியது அதுதான், அதுவும் அப்பாவின் கண்முன்னால். நான் பாட வாயைத் திறந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுகிறவர் அவர். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. தோட்டத்தில் அவருடன் வேலை செய்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் தோளில் பொன்னாடை விழுவதை அவர் பார்த்தாக வேண்டும். பாட்டு வெளிவந்ததையோ வீடியோவையோ என் மேடைப் பெயரையோ அவரிடம் நான் சொன்னதே இல்லை. சும்மா வாங்கப்பா என்று கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

கோயில் தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கதானா தம்பி? புள்ளைங்க எல்லாம் கார்ட்டூனப் பாக்க வந்திருக்குங்க. நீங்க வெளிய வந்தா அதுங்க மனசு ஒடஞ்சிரும்லா. திரைக்குப் பின்னால நின்னு பாடிருங்க.”

“அப்ப பொன்னாடை?”

மேடையோரம் ஆளுயர அட்டையில் கார்ட்டூனை வெட்டி நிறுத்தியிருந்தார்கள். அதைக் காட்டினார். “போட்டோவுக்கு அதான் எடுப்பா இருக்கும். போறப்ப நீங்க கழட்டி எடுத்துக்குங்க.”

போங்கய்யா என்று வந்திருக்கலாம். ஆனால் அந்த அட்டையைப் பார்த்தபோது அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திரையில் கார்ட்டூன் வீடியோ ஓட, நான் அதன் பின்னால் நின்று பாடினேன். பிள்ளைகள் குதித்தார்கள், விசில் பறந்தது. கடைசிச் சரணத்தில் தலைவர் பொன்னாடையை விரித்துக்கொண்டு அட்டையிடம் போனார். நான் ஓரமாக எட்டிப் பார்த்தேன்.

“நிறுத்துய்யா!”

அப்பா. விறுவிறுவென்று மேடையேறி வந்து பொன்னாடையைப் பிடுங்கினார்.

“இது எம்மவன் பாட்டு! ரெண்டு வருசமா பாத்ரூம்ல பாடிப் பாடிச் சேத்தது. மூணாவது வரிய மட்டும் நாலு தடவ மாத்துனான். கொரலும் அவனுதுதான். எவனோ ஒரு செவத்த பய திருடி வாயசைக்கிறான், நீங்க அவனுக்குப் போயி துண்டு போடுறீங்க!”

“பெரியவரே, அது வெறும் கார்ட்டூன்லா…”

“கார்ட்டூனா இருந்தா திருடலாமா?”

நான் பாட்டை நிறுத்திவிட்டேன். திரையில் அவன் மட்டும் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தான். டிவி சத்தத்தையும் மீறி ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறார் மனிதர். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“அப்பா, யாரும் திருடல. அது நான்தான். நான்தான் அப்படி வரையச் சொன்னேன்.”

அப்பா அட்டையின் பக்கம் திரும்பி அதன் நிறத்தைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், பறக்கும் முடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வேண்டாமென்று மாற்றச் சொன்னதெல்லாம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. அவருடைய கை மெதுவாகத் தன் மூக்கைத் தடவியது.

“ஏன்டா, என் மூஞ்சி ஒனக்கு ஆகலியா?”

அப்பா கையிலிருந்த பொன்னாடையைத் தானே அந்த அட்டையின் தோளில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.